துண்டுக்காரர் இறங்கிய இடம்

என் அத்தைக்குத் தெரிந்த மனிதர்களில் பெரும்பாலோருக்கு முகம் கிடையாது. ஒரு குடும்பப் பெயர், ஒரு முதலெழுத்து, ஓர் ஆண்டு, அவ்வளவுதான். தெருவில் எதிரே வந்து நின்றாலும் அவளுக்கு அடையாளம் தெரியாது. ஆனால் இன்னார் முதலில் தனியாக எழுதினார், பிறகு இன்னொருவரோடு சேர்ந்து வருடக்கணக்கில் எழுதினார், திடீரென்று பிரிந்துபோன பின் ஒருவர் பெயரை மற்றவர் எடுப்பதே இல்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "என்னமோ நடந்திருக்கு" என்பாள், பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல. ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் நடுவில் மாறி, சில ஆண்டுகள் கழித்துப் பழையபடி திரும்பியிருந்தால் அன்று முழுக்க அத்தை கொஞ்சம் அடங்கியே இருப்பாள்.

அவள் வேலை, ஏரிகளைப் பற்றி வரும் ஓர் ஆய்விதழுக்கு மேற்கோள் பட்டியல் சரிசெய்வது. ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் பொடி எழுத்தில் நீளமாக ஒரு பட்டியல் வருமே, யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்த இதழில், எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் என்று? அதுதான். கட்டுரை எழுதுகிறவர்கள் அதை மூட்டையைக் கொட்டுவதுபோலக் கொட்டி அனுப்பிவிடுவார்கள். அத்தை ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடிப்பாள். குடும்பப் பெயர் முன்னால், முதலெழுத்து பின்னால். இதழின் பெயர் சாய்வெழுத்தில். தொகுதி எண் தடித்த எழுத்தில். பக்கங்களுக்கு நடுவே சின்னக் கோடு. முடிவில் ஒரு புள்ளி. பிறகு அது சொல்கிற இடத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மென்பொருள் இதையெல்லாம் செய்யாதா என்று வந்த புதிதில் கேட்டேன். செய்யும், செய்துவிட்டு ஓர் ஏரியின் பெயரை எழுத்தாளராக்கி அதற்கு முதலெழுத்தும் போட்டுவிடும் என்றாள்.

நான் பல வருடம் நாடு நாடாக, ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அத்தை வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்திருந்தேன். பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. அதை முழுக்கப் பிரிக்கவும் இல்லை, மூடவும் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் அடுத்து எங்கே என்று கேட்டார்கள். அத்தை மட்டும் கேட்கவில்லை. நான் அறைக்கும் சன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, "சும்மா நடக்கிறதுக்கு இதைப் படி, நான் சரிபாக்கறேன்" என்று தாள்களை நீட்டினாள். அப்படித்தான் நான் அவளுக்குப் படித்துக் காட்டும் ஆளானேன்.

அவள் மேசை சன்னலோரம் இருந்தது. கீழ்த்தளத்தில் ஒரு சலவைக்கடை. மதியம் ஆனால் அங்கே தேய்ப்பு எந்திரம் ஓடும். அதன் ஆவி வெள்ளையாக எழும்பி எங்கள் சன்னலைத் தொட்டு, கண்ணாடியை மூடி, மெதுவாக விலகும். அந்த நேரத்தில் எதிர்வீடுகள் மறைந்துபோகும். அறைக்குள் என் குரல் மட்டும் பெயர்களாக ஓடிக்கொண்டிருக்கும்: ஒரு முதலெழுத்து, ஓர் ஆண்டு, அடியாழத்துச் சேறு, பாசி, மீன் குஞ்சுகள், ஓர் ஆண்டு, இன்னொரு முதலெழுத்து. அத்தை வாழ்நாளில் பெரிய ஏரி எதையும் பார்த்தவள் இல்லை. ஆனாலும் அந்த ஆவிக்குள் உட்கார்ந்து அவள் கண்ணை லேசாகச் சுருக்கும்போது, எங்கோ கரையில் நின்று மறுகரையைத் தேடுகிறாள் என்றே தோன்றும்.

அத்தையின் கணவர், என் மாமா, நகரப் பேருந்து ஓட்டுகிறார். வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "என்னம்மா, இன்னைக்கு எத்தனை பெரிய மனுசங்களை வரிசையில நிக்க வெச்ச?" என்று கேட்பார். துண்டுக்காரருக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

அது இப்படி. கட்டுரைக்குள் ஓர் எண் இருக்கும், பட்டியலில் அந்த எண்ணுக்கு ஆள் இருக்காது. எழுதியவருக்குக் கடிதம் போட்டுக் கேட்க வேண்டும், பதில் வர நாளாகும். அதுவரை அந்த இடத்தைக் காலியாக விட்டால் பின்னால் இருக்கிற எண்களெல்லாம் முன்னால் சரிந்து மொத்தமும் குழம்பிவிடும். அதனால் அத்தை ஒரு பொய்யான ஆளை அங்கே உட்கார வைப்பாள். எதிர்க்கடைப் பலகையில் பாதியும் மருந்துச் சீட்டு ஒன்றில் பாதியுமாக எடுத்து அவளே ஒட்டவைத்த ஒரு குடும்பப் பெயர். தொகுதி எண், மாமா ஓட்டும் பேருந்தின் தட எண். பக்கம், எங்கள் வீட்டுக் கதவு எண். அந்த வரி முழுக்க மஞ்சள் நிறம் பூசிவிடுவாள். உண்மையான விவரம் வந்ததும் மஞ்சளைத் தேடிப் போய் ஆளை எழுப்பிவிட்டு, உரியவரை உட்கார வைப்பாள். கல்யாணமான புதிதில் இதைக் கேட்ட மாமா, "பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிக்கிற வேலைதானே இது" என்றாராம். அன்றிலிருந்து அந்தப் பொய் ஆள் துண்டுக்காரர். எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு தனி மரியாதையே உண்டு. வீட்டில் ஒரு சாமான் காணாமல் போனால் துண்டுக்காரர் எடுத்திருப்பார் என்பார் மாமா.

குளிர்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை. ஆய்விதழின் ஆசிரியர் ஒரு புதிய கட்டுரையை அனுப்பியிருந்தார். எழுதியவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. நான் வழக்கம்போல் பட்டியலைப் படித்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் அத்தையின் விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"திருப்பிப் படி."

படித்தேன். குடும்பப் பெயர். முதலெழுத்து. 'உறைவதற்கு முந்தைய விடியலில் ஏரியின் முனகல்.' தொகுதி எண். பக்கம்.

"தொகுதி என்ன சொன்ன?"

சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. அது மாமாவின் பேருந்து.

மஞ்சள் இல்லாமல், யாரோ ஒரு பெண்ணின் பட்டியலில், இரண்டு பேராசிரியர்களுக்கு நடுவே, துண்டுக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு பழைய இதழ்களை அலமாரியிலிருந்து இறக்கினாள். அதிக நேரம் ஆகவில்லை. சில வருடங்களுக்கு முன் வந்த ஓர் இதழில், அவளே சரிசெய்த பட்டியலில், அச்சில் அவர் இருந்தார். கட்டுரை எழுதியவர்கள் கேட்ட விவரத்தை அனுப்பவே இல்லை. அச்சுக்கு முன் சரிபார்க்க அவர்களுக்குப் போன மெய்ப்பிலும் யாரும் கவனிக்கவில்லை. பட்டியலை யார் படிக்கிறார்கள்?

அங்கிருந்து அவர் கிளம்பிவிட்டார். யாரோ ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தன் கட்டுரையில் எடுத்துப் போட்டுக்கொண்டார், மூலத்தைத் தேடிப் படிக்காமல். அவரைப் பார்த்து இன்னொருவர். அத்தையும் நானும் தடம் பிடித்துக்கொண்டே போனோம். முதல் ஆள், உறைவதற்கு முன் ஏரிகளில் ஒரு முனகல் கேட்கக்கூடும் என்று எழுதியிருந்தார். அடுத்தவர், கேட்கிறது என்றார். அதற்கடுத்தவர், எல்லோரும் அறிந்த அந்த முனகல் என்றே ஆரம்பித்திருந்தார். எல்லோரும் கைகாட்டியது எங்கள் வீட்டுக் கதவை.

"டிக்கெட் இல்லாமலே ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்கான் உன் ஆளு" என்றார் மாமா அன்று மாலை. அத்தை சிரிக்கவில்லை. மாமா சப்பாத்தைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சிரிக்க முடியாததற்குக் காரணம் அந்த மாணவி. கட்டுரையோடு ஆசிரியருக்கு ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள். பனிக்கட்டி விரிசல் விடும் ஓசையை நிறையப் பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். நீர் இன்னும் நீராக இருக்கும்போதே வரும் இந்த முனகலை யாரும் ஒலிப்பதிவு செய்ததில்லை. எனவே இந்தக் குளிர்காலம் முழுக்க ஓர் ஏரிக்கரைக் குடிலில் தங்கப் போகிறேன். பல்கலைக்கழகம் சம்மதித்துவிட்டது. மூலக் கட்டுரையில் எந்த ஏரி என்று இருக்கும். அதன் பிரதி எந்த நூலகத்திலும் கிடைக்கவில்லை. உங்கள் இதழில்தான் முதலில் பார்த்தேன், கண்டுபிடித்துத் தர முடியுமா? ஆசிரியர் அதன்கீழே அத்தைக்கு ஒரு வரி எழுதியிருந்தார்: உங்களால் முடியாதது இல்லை, தேடிக் கொடுத்துவிடுங்கள்.

சொன்னால், இத்தனை காலமாக அவளை நம்பி வந்த வேலை கைவிட்டுப் போகலாம். சொல்லாவிட்டால், யாரும் எழுதாத ஒரு கட்டுரையை நம்பி ஒரு பெண் குளிரில் போய் உட்காருவாள்.

அத்தை இரண்டில் எதையும் முடிவுசெய்யாமல் சில நாட்கள் இருந்தாள். அந்த நாட்களில் வீடு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. மதியத்து ஆவி சன்னலை மூடும்போது, மேசைக்கு எதிர் நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருப்பதுபோல் இருந்தது. தோளில் துண்டு. முகம் மட்டும் இன்னும் யாரும் எழுதித் தராததால் வெறுமையாக. அவசரமில்லாதவர். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, எழுந்திரு என்று யாரும் சொல்லாததால் அங்கிருந்தே வேறு பட்டியல்களுக்குப் போய்வந்தவர். அத்தை தேநீர்க் கோப்பையை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள் ஒருமுறை.

ஒரு மதியம் என்னைப் பார்த்து, "நெஜமா நீ அதைக் கேட்டியா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்று சேர்ந்தது. அந்தத் தலைப்பு என்னுடையது. சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஏதோ ஓர் ஏரிக்கரையில் விடியலில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது அத்தைக்கு ஃபோன் பண்ணியிருந்தேன். வீட்டில் வேறு யாரைக் கூப்பிட்டாலும் எப்போது வருகிறாய் என்று கேட்பார்கள், அதனால் அத்தை. தண்ணீர் முனகுகிறது அத்தை, நாளைக்குள் உறைந்துவிடும் என்று கரையில் ஒருவர் சொன்னார் என்று உளறிக்கொண்டிருந்தேன். அன்று அந்தக் கட்டுரை மெய்ப்புக்குப் போகிற நாள். அவள் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டே துண்டு போட்டாள். வழக்கமாகத் தலைப்பு வைப்பதில்லை. அன்று காதில் விழுந்ததை விரல் தட்டியிருக்கிறது. மஞ்சள் பூச மறந்தாள்.

"கேட்டேன்" என்றேன். "வாயை மூடிட்டு யாரோ பாட்டு பாடற மாதிரி."

"எந்த ஏரி?"

எனக்குத் தெரியவில்லை. நீல வெளிச்சம் நினைவிருந்தது. ஈரக் கயிற்றின் வாசனை, பலகை நடைமேடை, காலடியில் மெல்ல நடுங்கிய ஏதோ ஒன்று. அந்த வருடம் நான் பார்த்த ஏரிகளெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஒரே நீராகக் கிடந்தன. எந்த நாடு என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேட்டேனா, அல்லது கேட்டதாக அத்தைக்குச் சொன்னதைத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதும் அந்த நிமிடம் குழம்பியது.

அத்தை தலையசைத்துவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பினாள். மறுநாள் காலை புடவை மாற்றிக்கொண்டு, "கெளம்பு" என்றாள்.

மாமாவின் பேருந்தில்தான் போனோம். வேலை நேரத்தில் அவர் யாரோடும் பேசமாட்டார், பெண்டாட்டியாக இருந்தாலும். ஆனால் நாங்கள் இறங்கும் நிறுத்தம் வந்ததும் வழக்கத்தைவிட அதிக நேரம் கதவைத் திறந்து வைத்திருந்தார். கண்ணாடியில் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியரின் அறை, கல்லூரியின் பின்கட்டில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நாற்காலிகளின் மேலெல்லாம் இதழ்க் கட்டுகள். அவர் இரண்டைத் தூக்கித் தரையில் வைத்து எங்களை உட்காரச் சொன்னார்.

"கட்டுரை கெடைச்சுதாம்மா?"

"கெடைக்காது சார். அதை யாரும் எழுதலை. எடம் பிடிக்க நான் போட்டது. எடுக்க மறந்துட்டேன்."

அவர் முதலில் சிரித்தார். அத்தை சிரிக்காததைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அத்தை நடந்ததை வரிசையாகச் சொன்னாள், ஃபோன் வந்ததையும், என்னையும் சேர்த்து. எதையும் குறைக்கவும் இல்லை, தன்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை. பட்டியல் படிக்கிற அதே குரல். எந்தெந்தக் கட்டுரைகளுக்கு அது பரவியது என்று எழுதிக்கொண்டு வந்திருந்த தாளை மேசையில் வைத்தாள்.

அவர் வெகுநேரம் துடைத்தார். பிறகு, வெளியே போய்விட்ட பேச்சை உள்ளே இழுக்கிறவர்போல மெதுவாகச் சொன்னார்: "பிரதி கெடைக்கலைன்னு அந்தப் பொண்ணுக்கு ஒரு வரி எழுதிட்டா போதுமேம்மா. பழைய இதழ், எங்கயோ தொலைஞ்சு போச்சு. யாரு கேக்கப் போறாங்க?"

"அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டேதான் இருக்கும் சார். கெடைக்கலைன்னா எங்கயோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அத்தை வைத்த தாளைக் கையில் எடுத்தார். சன்னலுக்கு வெளியே யாரோ மிதிவண்டியை நிறுத்தினார்கள். அந்த மணிச் சத்தம் அடங்குவதற்குள் அவர் தாளைப் படித்து முடித்திருந்தார்.

"திருத்தம் போடணும்" என்றார் கடைசியில். "அதை மேற்கோள் காட்டினவங்க எல்லாருக்கும் சொல்லணும். நம்ம பத்திரிகையைப் பத்திப் பேசுவாங்க. இனிமே உங்க பட்டியலை இன்னொருத்தர் பாக்காம அச்சுக்கு அனுப்ப முடியாதும்மா. நான் அதைச் செஞ்சுதான் ஆகணும்."

"பாக்கட்டும் சார்."

"வருத்தப்படாதீங்க."

"வருத்தம் இருக்கு சார். பாக்கட்டும்."

திருத்தக் குறிப்பை அங்கேயே எழுதினார்கள். அந்தக் கட்டுரை கண்டறியப்படவில்லை என்று அவர் ஆரம்பித்தார். அத்தை, எழுதப்படவே இல்லை என்று மாற்றச் சொன்னாள். அவர் மாற்றினார்.

திரும்பி வரும்போது அத்தை கைகளை மடியில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தபடி வந்தாள். அந்தக் கைகள் வேலை செய்யாமல் இருந்து நான் பார்த்ததில்லை. யாருடையவோபோல அவை கிடந்தன.

மாணவியிடம் தானே பேசுவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தாள். அவளை ஃபோனில் அழைத்தது அடுத்த நாள் மதியம். கீழே எந்திரம் ஓட ஆரம்பித்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கும் கேட்கும்படி ஃபோனை மேசையில் வைத்திருந்தாள்.

அத்தை நடந்ததைச் சொல்லி முடித்தாள். பிறகு அந்தப் பெண்ணின் குரல், சின்னதாக:

"மேடம், நான் பெட்டியே கட்டிட்டேன்."

"தெரியும்மா. அதனாலதான் இப்பவே சொல்லணும்னு."

"அப்போ அந்தத் தலைப்பு எங்கேருந்து வந்தது? சும்மா தோணினதா?"

அத்தை ஃபோனை என் பக்கம் தள்ளினாள். நான் நீல வெளிச்சத்தைச் சொன்னேன். பலகையைச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு பாடுவதுபோல் இருந்ததைச் சொன்னேன். எந்த ஏரி என்று தெரியாது, எந்த மாதம் என்று ஊகம்தான், உண்மையில் கேட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னால் கொஞ்சம் தயங்குவேன் என்பதையும் சொன்னேன். அவள் இடைமறிக்காமல் கேட்டாள். மறுமுனையில் பேனா கீறும் சத்தம் வந்தது.

"நான் போறேன்" என்றாள்.

அத்தை முன்னால் சாய்ந்தாள். "நல்லா யோசிம்மா. அது இல்லாமலும் போகலாம்."

"இருந்தா இருக்குன்னு எழுதறேன், இல்லாட்டி இல்லைன்னு எழுதறேன். ரெண்டையும் யாரும் எழுதலைன்னு நீங்கதானே சொல்றீங்க?" இப்போது அவள் குரலில் லேசாகச் சிரிப்பு இருந்தது, கொஞ்சம் கோபமும். "ஆனா முன்னாடியே சொல்லியிருக்கலாம் மேடம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் அத்தை.

தன் கட்டுரையில் துண்டுக்காரருக்குப் பதில் என் பெயரைப் போட்டு, நேரில் சொன்ன தகவல் என்று எழுதலாமா என்று அவள் கேட்டாள். அப்படி எழுதும் வழக்கம் இருக்கிறதாம். எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை எழுந்தது என்பதை மறைப்பானேன். அத்தை என்னைப் பார்த்தாள். அவள் கேட்கப் போகிற கேள்வி எனக்கே தெரிந்தது. எந்த ஏரி?

"வேண்டாம்மா" என்றாள் ஃபோனில். "எங்கேன்னே தெரியாத ஒரு எடத்துக்கு இன்னொரு தடவை யாரையும் அனுப்ப வேண்டாம்."

ஃபோனை வைத்ததும் அத்தை அந்த மாணவியின் கட்டுரையைத் திறந்தாள். துண்டுக்காரரின் எண் நின்ற வாக்கியத்தை, இந்த ஓசையை இதுவரை யாரும் ஆராய்ந்து எழுதியதாகத் தெரியவில்லை என்று மாற்ற அவளிடம் சம்மதம் வாங்கியிருந்தாள். அதை மாற்றினாள். பிறகு பட்டியலுக்கு வந்தாள். அந்த வரிக்கு முதலில் மஞ்சள் பூசினாள். இத்தனை காலம் கழித்து, போகிற நேரத்தில்.

வெளியே ஆவி சன்னலை முழுக்க மூடியிருந்தது. எதிர்வீடுகள் இல்லை, தெரு இல்லை. வெள்ளை மட்டும், நீர்மட்டம்போல. அத்தை ஒரு விசையை அழுத்தினாள். வரி மறைந்தது. அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அந்த வெண்மைக்குள் இறங்கிப் போவதை நான் பார்த்ததாகவே இன்றும் நினைக்கிறேன். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓர் எண் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். குடும்பப் பெயர், முதலெழுத்து, ஆண்டு. இடைவெளி எங்கே இருந்தது என்று பிறகு தேடினாலும் தெரியாது.

மாமா வந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"எறங்கிட்டானா?"

"எறங்கிட்டாரு" என்றாள் அத்தை.

பிறகு என் பக்கம் அடுத்த தாளை நகர்த்தினாள். "படி. மெதுவா படி. இனிமே இன்னொருத்தர் பாப்பாங்க."